பாடம் நடத்துவது ஆய்வுக்கு இடைஞ்சலா?

கேள்வி: கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணித வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாதிப் பேருக்கு அடிப்படையே தெரியவில்லை. என் ஆய்வு நேரம்தான் வீணாகிறது. தப்பிக்க வழி உண்டா?

பதில்: தப்பிக்க வழி தேடாதீர்கள். அந்த மாணவர்கள் செய்யும் தப்பு எதையாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கு வகைக்கெழு, அதாவது அது மாறும் வேகம், கேட்டால், தனித்தனியே வகையிட்டுப் பெருக்கி வைப்பார்கள். "அப்படி இல்லை, விதி இதுதான்" என்று பலகையில் எழுதிப் போட்டால் அடுத்த தேர்விலும் அதே தப்பு வரும். எக்ஸை எக்ஸால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸின் வகைக்கெழு 1. அவர்கள் வழியில் போனால் விடையும் 1. எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு 2எக்ஸ் என்பதோ அவர்களுக்கே தெரியும். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் இருந்தாலே போதும். 1675 நவம்பரில் லைப்னிட்ஸ் எழுதிய குறிப்புகளில், தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினால் போதுமா என்ற இதே ஐயம் வருகிறது. சரியான விதி அதே மாதத்தில் சில நாள் கழித்துத்தான் அவருக்குக் கிட்டியது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே தடுக்கிய இடத்தில் ஒரு முதலாண்டு மாணவி தடுக்கினால், அடிப்படை தெரியாதவள் என்று ஒதுக்குவீர்களா?

ஆய்வு நேரத்துக்கு வருகிறேன். 1858இல் சூரிச் பாலிடெக்னிக்கில் ஜெர்மன் கணிதவியலாளர் ரிச்சர்ட் டெடிகிண்ட் முதன்முதலாக வகை நுண்கணிதம் நடத்தினார். வயது 27. ஏறிக்கொண்டே போனாலும் ஒரு வரம்பைத் தாண்டாத அளவு, ஏதோ ஓர் எல்லையை நெருங்கியே தீரும் என்று சொல்லவேண்டும். வடிவியலைத் துணைக்கு அழைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. நவம்பர் 24 அன்று விடை கிடைத்தது: பின்னமாக எழுதக்கூடிய விகிதமுறு எண்களை இரண்டாகப் பிரிக்கும் வெட்டுகளைக் கொண்டே, எண்கோட்டை இடைவெளியின்றி நிரப்பும் மெய்யெண்களை வரையறுத்துவிடலாம். 1872இல் அதை அச்சேற்றினார். பாடம் நடத்தப் போயிருக்காவிட்டால் அந்த உறுத்தல் அன்று வந்திருக்குமா?

உங்கள் நேரம் உண்மையில் எங்கே போகிறது? பாடப்புத்தகத்தை அப்படியே பலகைக்கு மாற்ற இரவெல்லாம் குறிப்பெழுதுகிறீர்கள் என்றால், அதை நிறுத்துங்கள். நல்ல கணக்கு இரண்டு இருந்தால் ஒரு வகுப்பு ஓடும். விடைத்தாள் திருத்துவது வேறு விஷயம். கட்டுக்கட்டாகத் தாள்களை ஒரே ஆய்வு மாணவர் மீது சுமத்துவது அநியாயம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். நெறியாளரையும் உடன் அழைத்துப் போங்கள். வகுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.