ஸ்கேன் புத்தகம் படிக்க எந்தச் சின்ன டேப்?

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்பைப் பேருந்தில் படிக்க ஐபேட் மினியா, கேலக்ஸி டேப் ஏ9-ஆ என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் திரைதான் முக்கியம். ஸ்கேன் பக்கம் வெறும் படம். மின்னூல் போல எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. டேப் ஏ9-ஐ நிமிர்த்திப் பிடித்தால் பக்கத்தின் அகலத்துக்கு 800 பிக்சல்தான். மினியில் 1488. டேப் ஏ9-இல் பொடி எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோவதும், 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரிவதும் இதனால்தான். நாலு பக்கத்தில் கண் வலித்துவிடும்.

ஆனால் விலை? மினி (ஏ17 ப்ரோ சிப் உள்ளது) இங்கே வந்தபோது ரூ. 49,900. டேப் ஏ9 வந்தபோது ரூ. 12,999. அது மட்டுமில்லை, ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஐபேடுக்கு வராது, மறுபடி வாங்கணும். மெமரி கார்டும் போட முடியாது. உங்களிடம் ஏற்கெனவே கார்டு நிறையப் புத்தகம் இருக்கிறதே!

நானாக இருந்தால் டேப் ஏ9-ஐ வாங்கிப் படுக்கைவாட்டில் பிடித்து அரைப் பக்கமாகப் படிப்பேன். அப்போது அகலம் 1340 பிக்சல், எழுத்து ஓரளவு தெளிவாகவே இருக்கும். அடிக்கடி தள்ளணும், அவ்வளவுதான். கடைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஸ்கேனை எடுத்துப்போய்த் திறந்து பாருங்கள்.