கோடு தண்ணீரிலா, தரையிலா?

கே: தீவு நாடு என்றாலே நில எல்லை இருக்காதுதானே? நில எல்லை இல்லாத நாடுகள் எத்தனை என்று வினாடி வினா புத்தகங்களில் ஆளுக்கொரு எண்ணிக்கை போட்டிருக்கிறார்களே?
- போட்டித் தேர்வு எழுதும் வாசகர், விருதுநகர்

ப: சுற்றிலும் கடல் இருப்பது மட்டும் போதாது. அந்தத் தீவில் இன்னொரு நாட்டுக்குப் பங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹிஸ்பானியோலா தீவு ஹைதிக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் பொது. போர்னியோவில் இந்தோனேசியா, மலேசியா, புருனே மூன்றும் இருக்கின்றன. நியூ கினி, திமோர், அயர்லாந்துத் தீவுகளும் பங்கு பிரிந்தவையே. ஆகவே புருனே, பப்புவா நியூ கினி, கிழக்குத் திமோர், அயர்லாந்து, பிரிட்டன் எல்லாம் தீவு நாடுகள்தான், ஆனால் நில எல்லை உள்ளவை.

எண்ணிக்கை இடறுவது வேறு இடத்தில். கியூபாவின் குவாண்டனாமோவை அமெரிக்கா 1903-ல் குத்தகைக்குத்தான் எடுத்தது. இறையாண்மை கியூபாவிடமே இருக்கிறது. எனவே அது நாட்டெல்லை ஆகாது. சைப்ரஸ் கதை அப்படியல்ல. 1960-ல் விடுதலை கொடுத்தபோது அக்ரோத்திரி, தெகேலியா பகுதிகளைப் பிரிட்டன் தன் இறையாண்மையிலேயே வைத்துக்கொண்டது. கறாராகப் பார்த்தால் அங்கே தரையில் கோடு உண்டு. பல புத்தகங்கள் கண்டுகொள்வதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு நில எல்லை கிடையாது, ஆனால் கண்டம் என்பதால் ‘தீவு நாடுகள்’ பட்டியலில் விடுபடும். கேள்வி எதைக் கேட்கிறது என்று இரண்டு தரம் படித்துவிட்டு விடை எழுதுங்கள்.

கே: சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் பாலத்தில் பஸ்ஸே ஓடுகிறது. பிறகெப்படி சிங்கப்பூருக்கு நில எல்லை இல்லை என்கிறார்கள்?
- வாசகர், தஞ்சாவூர்

ப: 1924-ல் திறந்த அந்தத் தரைப்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளத்தை ஒட்டியது, மனிதர் கட்டியது. எல்லைக்கோடு அதற்கு அடியில் நீரிணையில் போகிறது. 1927 ஒப்பந்தம் ஆழ்கால்வாயின் நடுவை எல்லையாக வைத்தது. கால்வாய் இடம் மாறினால் எல்லையும் மாறுமா என்ற குழப்பம் வரும் அல்லவா? அதனால் 1995-ல் அட்ச, தீர்க்க ரேகைப் புள்ளிகளாக நிலைப்படுத்திவிட்டார்கள். 1986-ல் சவூதியோடு பாலம் போட்ட பஹ்ரைனுக்கும் இதே நியாயம்தான்.

கே: ராமர் பாலத்து மணல்திட்டில் நமக்கும் இலங்கைக்கும் நில எல்லை இருக்கிறதாமே?
- வாசகர், ராமநாதபுரம்

ப: சில பட்டியல்களில் 0.1 கி.மீ. என்று காண்கிறது. நம் உள்துறை அமைச்சகக் கணக்கில் இல்லை. அதன் 15,106.7 கி.மீ. நில எல்லையில் வருபவை பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மியான்மர் ஆகிய ஏழுதான்.

1974 ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ராமர் பாலம் வரை கோடு போட்டது. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் அதை நீட்டியது 1976 ஒப்பந்தம். இரண்டுமே கடல் எல்லை ஒப்பந்தங்கள். ‘நான்காம் மணல்திட்டு, ஐந்தாம் மணல்திட்டு’ என்று செய்திகளில் வருபவை நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப வளர்ந்து தேய்பவை. கடல்சார் சட்டப்படி இயற்கையாக உருவாகி, கடல் ஏற்றத்தின் உச்சத்திலும் தலை தெரிந்தால்தான் அது தீவு. ஒரு திட்டு கோட்டின் மேலேயே எழுந்தாலும் கோடு நகராது. தேர்வில் இலங்கைக்கு ‘நில எல்லை இல்லை’ என்றே எழுதுங்கள்.

கே: கிரீன்லாந்துக்கு நில எல்லை உண்டா?
- வாசகர், கோவை

ப: பழைய புத்தகமானால் திருத்திக்கொள்ளுங்கள். 1.3 ச.கி.மீ. பாறைத்தீவான ஹான்ஸ் தீவைக் கனடாவும், கிரீன்லாந்தைத் தன்னாட்சிப் பகுதியாகக் கொண்ட டென்மார்க்கும் 2022 ஜூன் 14-ல் பங்கு போட்டுக்கொண்டன. அதுவரை கனடாவுக்கு அமெரிக்காவோடு மட்டும்தான் நில எல்லை.

கே: 21 ச.கி.மீ. நவ்ரு தீவு நாட்டுக்குச் சுமார் 3 லட்சம் ச.கி.மீ. கடல் எப்படி?
- வாசகர், நெல்லை

ப: கடல் வளங்களில் ஒரு நாட்டுக்கே உரிமை உள்ள பொருளாதார மண்டலம் கரையிலிருந்து 200 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; பலர் சாதாரண மைலாக நினைத்து 1.6-ஆல் பெருக்கிக் கோட்டைவிடுவார்கள். 370.4 கி.மீ. ஆரத்துக்கு வட்டம் போட்டால் சுமார் 4,31,000 ச.கி.மீ. வரும். ஆனால் கிழக்கே ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி கிரிபாட்டியின் பனாபா தீவு இருப்பதால் அந்தப் பக்கம் முழு ஆரம் கிடைக்காது, நடுவில் வெட்டுப்படும். மனிதர் வாழவோ பொருளாதார வாழ்வுக்கோ வழியில்லாத வெறும் பாறை என்றால் இந்த 200 கடல் மைல் கிடையாது, சுற்றி 12 கடல் மைல் ஆட்சிக்கடல் உண்டு.