"கூட யாரும் வரலையா மேடம்?"

அன்புள்ள மேடம்,

எனக்கு 49 வயது. மேற்கு மாம்பலத்தில் அம்மாவோடு இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அதைப் பற்றி எழுதவும் வரவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மார்ச் வந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்காது என்பதால் பிப்ரவரியிலேயே லீவு போட்டு, ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு பீச் ரிசார்ட்டில் போய்த் தங்கினேன். எனக்கென்று நான் இவ்வளவு பணம் செலவழித்ததே கிடையாது.

வரவேற்பில் இருந்த பெண் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யாரும் வரலையா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் வருவாங்களா?" என்றாள். அறைக்குப் போனால் கட்டிலில் இரண்டு துண்டுகளை அன்னமாக மடித்து, ரோஜா இதழ் தூவி வைத்திருக்கிறார்கள். வாங்கியதும் இரண்டு பேருக்கான வாடகைதான். மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். கடலைப் பார்த்த மேஜைகள் எல்லாம் குடும்பங்களுக்காம். என்னைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த உடனே பரிமாறுகிற பையன் வந்து, எதிரே இருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனான். அத்தனை பேர் பார்க்க. கேட்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கடலோரமாக ரொம்ப தூரம் நடந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. காற்று, சவுக்குத் தோப்பு, வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒன்றும் பிடிக்கவில்லை. பக்கத்து அறையில் சேலத்துக் குடும்பம் ஒன்று. அந்த அம்மா "சார் வரலையா?" என்று ஆரம்பித்து, "தனியா எதுக்கு, எங்களோட உட்கார்ந்து சாப்பிடுங்களேன்" என்றார். பரிதாபப்பட்டு யாராவது கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. தலைவலி என்று சொல்லிவிட்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் காவலுக்கு இருந்தவர் விசில் ஊதி, "கூட ஆள் இல்லாம இறங்காதீங்கம்மா" என்கிறார். கொஞ்சம் தள்ளி நாலு பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விசில் இல்லை. இந்தப் பரிமாறுகிற பையன் மறுநாள் காலை டிபனுக்கு, ஜன்னலோரத்தில் எனக்காக ஒரு மேஜை பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னான். வேண்டாம், கதவுப் பக்கமே இருக்கிறேன் என்றேன். முதல் நாள் தட்டை எடுத்ததை நான் மறக்கவில்லை. ராத்திரி பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வருமாம், பார்க்கப் போகலாமா என்று கேட்டார்கள். ஜோடி ஜோடியாகப் போகிறவர்கள் நடுவில் நான் எதற்கு?

அம்மாவை விட்டுவிட்டா போனாள் என்று நினைப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அம்மாவுக்கு 81 வயது, சில வருஷங்களாக மறதி நோய். பெங்களூரிலிருந்து தம்பி வந்து பார்த்துக்கொண்டான். மாத்திரை, குளியல், ராத்திரி எழுந்து வாசல் கதவைத் திறக்கப் போவது, எல்லாவற்றையும் எழுதி வைத்தேன், போனிலும் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு குறையும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் "அவ எங்கே?" என்று ஒருதரம் கேட்டாளாம். மறுநாள் காலையில் நான் போன் பண்ணியபோது தம்பி, "அப்புறம் உன்னைத் தேடவே இல்லை, நீ நிம்மதியா இரு" என்றான். நான் திரும்பி வருகிற வரைக்கும் கேட்கவில்லையாம். அது இருக்கட்டும்.

ஆபீஸில் எல்லோரும் "தனியாவா? போரடிக்கலையா?" என்கிறார்கள். தம்பி மனைவி, "உங்களுக்கென்னக்கா, ஜாலி" என்கிறாள். ராத்திரி படுத்தால் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனதுதான் கண்முன் வருகிறது. தனியாக வருகிற பெண் என்றால் அவ்வளவு இளக்காரமா? ரிசார்ட்டுக்குக் கண்டித்து எழுதலாம் என்றிருக்கிறேன். இனி தனியாக எங்கும் போவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். நான் நினைப்பது சரிதானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள தோழிக்கு,

ஆண் ஒருவர் தனியாக வந்திருந்தால் அந்தப் பெண் "அப்புறம் வருவாங்களா?" என்று கேட்டிருக்க மாட்டார். இரண்டு பேர் வாடகையை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் உட்கார வைத்ததும் சரியில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ரிசார்ட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். அந்தத் தட்டு உங்கள் கடிதம் முழுக்க வருகிறது. அம்மா சில வரிகளில் வந்து, "அது இருக்கட்டும்" என்று போய்விடுகிறார். அதை அப்படியே இருக்கட்டும் என்று விட எனக்கு மனசில்லை.

நீங்கள் எழுதியதை நாள் வாரியாக வைத்துப் பார்த்தேன். தட்டை எடுத்தது முதல் நாள் மதியம். அன்று சாயங்காலமே கடலோரம் ரொம்ப தூரம் நடந்திருக்கிறீர்கள், நன்றாக இருந்தது என்கிறீர்கள். மதியம் பட்ட அவமானம் அந்த நடையைக் கெடுக்கவில்லை. மறுநாள் காலை தம்பி போனில் அந்தச் செய்தியைச் சொல்கிறார். அதே காலையில்தான் ஜன்னலோர மேஜையை வேண்டாம் என்கிறீர்கள். சேலத்து அம்மா கூப்பிட்டது, ஆமை பார்க்கக் கூப்பிட்டது, எல்லாவற்றுக்கும் அதற்குப் பிறகு ஒரே பதில்தான்.

பல வருஷமாக அந்த வீட்டில் யாரோ உங்களைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆபீஸிலிருந்து அரை மணி தாமதமானால் "அவ எங்கே?" என்று கேட்க ஓர் ஆள். அந்தக் கேள்விக்காக நீங்கள் எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருந்தாலும், உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கடற்கரையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "கூட யாரு?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அம்மா உங்களைத் தேடவில்லை என்று தெரிகிறது. எதிரே இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போன காட்சி ராத்திரியில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அந்தப் பையனாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மா ஏன் கேட்கவில்லை? மறதி நோயில், அதிலும் அதிகம் காணப்படும் அல்சைமரில், முதலில் அடிபடுவது புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதி. ஒருவரைத் தேட வேண்டுமென்றால், அவர் வெளியே போனார், இன்னும் வரவில்லை என்பது மனதில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு அது நிற்பதில்லை. அன்பு குறைந்ததாக இதற்குப் பொருள் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, சந்தோஷமான படத்துணுக்குகளைக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் பார்த்தது மறந்துபோனது. ஆனால் படம் உண்டாக்கிய உணர்ச்சி அதற்குப் பிறகும் தங்கியிருந்தது. உங்கள் அம்மா அந்த நாட்களில் பயப்படாமல், அழாமல் இருந்தார். பல வருஷம் நீங்கள் அவரைக் கவனித்துக்கொண்ட விதத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

இது உங்கள் வலியைத் தீர்த்துவிடாது. அம்மா உங்களைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கும் நாள் வரலாம். வராது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் பயப்படுவதும் அதற்குத்தான். ஆள் கண்ணெதிரே இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். இந்த இழப்புக்குச் சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்களே இதைத் துக்கம் என்று ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்கு ஆறுதல் சொல்ல யாருமே வரவில்லை, தோழி. கோபம் ரிசார்ட்டின் மேல் போனது அதனால்தான்.

இனி சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சேலத்து அம்மா பரிதாபப்பட்டார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒருவர் தனியாகச் சாப்பிட்டால் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். அந்தப் பையன் முதல் நாள் செய்ததை மறுநாள் சரிசெய்யத்தான் மேஜை பிடித்து வைத்தான், நீங்கள் இடம் கொடுக்கவில்லை. விசில் ஊதியவர் செய்ததும் சரி. அந்தக் கரையில் முழங்கால் ஆழத்திலேயே அலை காலுக்கடியில் மணலை அரித்து இழுக்கும். அந்தப் பையன்களுக்கும் அவர் ஊதியிருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

தம்பி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. அவர் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதில் சந்தோஷம் தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்று நினைத்த வீடு ஓடியிருக்கிறது. விடாமல் போன் செய்து சொல்லிக்கொண்டே இருந்ததில் அம்மாவைப் பற்றிய அக்கறை இருந்தது, நான் இல்லாமல் முடியாது என்ற பிடிவாதமும் இருந்தது. இந்த வேலையை இன்னொருவர் கற்றுக்கொள்ள நீங்கள் விட்டதே இல்லை என்று நினைக்கிறேன். இன்னும் பல வருஷம் போக வேண்டிய பாதை இது, தனியாக முடியாது.

அதனால் தனியாக எங்கும் போவதில்லை என்ற முடிவு தவறு. தம்பி இன்னும் அடிக்கடி வரட்டும், நீங்கள் போங்கள், போகிற நாட்களில் வேலை சொல்லப் போன் செய்யாதீர்கள். ரிசார்ட்டுக்கு எழுதுவதாக இருந்தால் கொஞ்ச நாள் கழித்து எழுதுங்கள், அப்போதும் எழுதத் தோன்றினால். ஆமை பார்க்கிற ஆசை இருந்தால் அதற்கு ரிசார்ட் வேண்டாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலாமை பாதுகாப்புக்காக மாணவர்கள் 1988 முதல் இரவில் நடக்கிறார்கள், பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். அம்மா ராத்திரி கதவைத் திறக்கப் போவது ஆபத்து. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024இல் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அம்மாவிடம் "என்னைத் தேடினியா?", "நான் யாரு சொல்லு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு அது பரீட்சை, பதில் தெரியாமல் தவிப்பார். "நான் வந்துட்டேன்மா" என்று நீங்களே பெயரைச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

அப்புறம் தம்பியைக் கூப்பிடுங்கள். "உன்னைத் தேடவே இல்லை" என்று அவர் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அவர் உங்களை நிம்மதியாக்க நினைத்துச் சொன்னது அது. அம்மா தன்னைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று அவரையும் கேளுங்கள்.