ஸ்டெம் செல் ஊசிக்கு நிலத்தை ஈடு வைக்கலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே வசிக்கிறோம். ரப்பர் பால் வெட்டும் என் கணவருக்கு வயது 38. நான்கைந்து ஆண்டுகளாக, விடியற்காலையில் தலையில் டார்ச் கட்டியிருந்தும், முந்தின வெட்டுக்கோடும் சிரட்டையும் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் என்கிறார்கள். அவருடைய தாய் தந்தையர் சொந்த மாமன் மகளும் அத்தை மகனும் ஆவர். எனக்கும் அவருக்கும் இரத்த உறவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று ஓரிடத்தில் நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நிலத்தை ஈடு வைக்கலாமா? எங்கள் மகளுக்கும் இது வருமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நிலத்தை ஈடு வைக்க வேண்டாம். இந்நோய்க்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறவல்ல மூலச் செல்) ஊசி நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அன்று. ஆராய்ச்சியாக நடந்தால், அதில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில், வேறொரு விழித்திரை நோய்க்காகத் தம் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் பெரும்பாலும் இழந்த செய்தி 2017-இல் மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது.

உங்கள் கணவருக்கு மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரையின் கோல் செல்கள் மரபணுக் குறையால் மெல்ல அழிகின்றன. அதனால்தான் இருட்டில் முதலில் தடுமாறுகிறார். இது வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அன்று. முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கினால் கல்லீரல் கெடும்.

உண்மையான முன்னேற்றமும் உண்டு. ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகி, விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு எஞ்சியிருப்பவர்களுக்கு, நல்ல பிரதியைத் தீங்கற்ற வைரஸின் வழியே விழித்திரைக்கு அடியில் செலுத்தும் லக்ஸ்டர்னா சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் இந்நோயை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் 80-க்கும் மேல். அந்த மருந்து பொருந்துவது மிகச் சிலருக்கே, விலையோ அறிமுகமானபோதே ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயால் பார்வையிழந்த 58 வயதுக்காரர் ஒருவர், ஒளியுணரும் புரதத்துக்கான மரபணுவைக் கண்ணில் செலுத்திய பின், தனிவகைக் கண்ணாடி அணிந்து மேசைமேல் இருந்த பொருளைத் தொட்டுக் காட்டினார். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே எந்த மரபணு பழுது என்று அறிவதே உங்கள் முதல் வேலை. மதுரை, சென்னை ஆகிய நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளில் மரபணு ஆலோசனை கிடைக்கும். உறவுத் திருமணத்தில் பிறந்தவர் என்பதால், அவருக்குத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மகள் ஒரு பிரதியைச் சுமப்பாளேயன்றி, நோய் வரும் வாய்ப்பு குறைவு. வேறு வழியாக வந்திருந்தால் கணக்கு மாறும் என்பதால், மகளின் கண்களையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

இந்நோயாளிகளுக்குக் கண்புரையும், விழித்திரையின் நடுவில் நீர்க்கோவையும் அடிக்கடி சேர்ந்து வரும். புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு, நீர்க்கோவையை, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் கண்டுபிடித்துச் சொட்டு மருந்தால் பலருக்குக் குறைக்கலாம். மீட்கக்கூடிய பார்வை இங்கேதான் இருக்கிறது, ஊசி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இருட்டில் அவர் பைக் ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். பார்வைப்புலம் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் மாற்றுத்திறனாளியாகக் கருதப்படுவார். பரிசோதனைத் தாள்களுடன் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள்.