டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லை: மாமரத்தை விட்டுடுங்க
வணக்கம் அக்கா. கொல்லை முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடக்கு, மாமரத்தையும் சேர்த்து வெட்டிடலாமான்னு கேட்டிருந்தீங்க. மாமரத்தைத் தொடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அந்த நிழலை வச்சே தோட்டத்தை அழகா அமைக்கலாம்.

உண்ணிச்செடியை மேலோட வெட்டினா அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழை பெஞ்ச மறுநாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாறை போட்டு வேரோட நெம்புங்க. கருநீலப் பழம் பிடிச்ச கிளையை எருக்குழியில போடவேண்டாம், விதை முளைச்சிடும். புதருக்குள்ள பாம்பு இருக்கலாம். பூட்ஸ் இல்லாம இறங்காதீங்க.

மாமரத்தடியில கிளைவியா வைங்க. தென்னாப்பிரிக்காவுல நம்ம குவாசுலு-நாட்டால் மாகாண மண்ணுக்கே சொந்தமான செடி. நிழல்லயே ஆரஞ்சு நிறத்துல கொத்துக்கொத்தாப் பூக்கும். வெயில் படுற வேலியோரம் நீலப் பூப் பூக்கிற அகபாந்தஸ் செடி, சமையலறைப் பக்கம் கறிவேப்பிலை. அக்டோபர் மழையோட நட்டா வேர் சீக்கிரம் பிடிக்கும்.