பயாஸுக்குத் தெரியும் டிஸ்க், எக்ஸ்பிக்குத் தெரியாதது ஏன்?

கேள்வி: 500 ஜிபி சாட்டா (மெல்லிய கேபிளில் இணையும் புதிய வகை) டிஸ்கின் பெயர், கணினி தொடங்கும்போது போர்டிலிருந்து முதலில் ஓடும் நிரலான பயாஸில் வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி சிடியில் பூட் செய்தால் ஹார்டு டிஸ்கே இல்லை என்று செட்டப் நின்றுவிடுகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: இல்லை. பயாஸ் தன் சொந்த நிரலால் டிஸ்கைப் படிக்கிறது. செட்டப்போ, சிடியில் இருக்கும் டிரைவரை (வன்பொருளோடு பேச உதவும் நிரல்) நம்புகிறது. எக்ஸ்பி சிடியில், சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்டின் மூன்றாவது திருத்தத் தொகுப்பு) வரைக்கும், சாட்டா டிஸ்கோடு பேசும் புதிய முறையான ஏஹெச்சிஐக்கு டிரைவர் கிடையாது. டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்றிருந்தால் எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறையான ஐடிஇ ஆக்குங்கள். சில போர்டுகளில் இதற்கு 'கம்பேட்டிபிள்' அல்லது 'லெகசி' என்று பெயர். எஃப்10 அடித்துச் சேமித்துவிட்டு மறுபடி பூட் செய்தால் பெரும்பாலும் டிஸ்க் வந்துவிடும். அதே கணினியில் ஏஹெச்சிஐ மோடில் போட்ட விண்டோஸ் 7 இருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது நீலத்திரையில் விழலாம். கவனம்.

சில லேப்டாப்களில் இந்த ஆப்ஷனே இருக்காது. அப்போது சிடிக்குள் டிரைவரைச் சேர்க்க வேண்டும். செட்டப் தொடங்கும்போது எஃப்6 அழுத்தச் சொல்லுமே, அது டிரைவரை ஃபிளாப்பியில்தான் தேடும். பென் டிரைவில் வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். வேறொரு கணினியில் சிடியை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, விண்டோஸ் சிடியை மாற்றியமைக்கும் என்லைட் நிரலைக் கொண்டு டிரைவரை 'டெக்ஸ்ட் மோடு' வகையாகச் சேர்த்து, புது சிடி எழுதுங்கள். பட்டியலில் உங்கள் சிப்செட்டின் (போர்டின் முக்கியச் சிப்) சரியான பெயரைத் தேர்ந்தெடுங்கள். இன்டெலின் ஐசிஹெச்9 சிப் உள்ள போர்டுக்கு வேறு பெயரைக் கொடுத்தால், பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்று சொல்லும், 7பி என முடியும் பிழை எண்ணோடு செட்டப் நீலத்திரையில் நிற்கும்.

கேள்வி: நேற்று வரை ஓடிய எக்ஸ்பி இன்று அதே 7பி பிழை காட்டுகிறது. எதையும் தொடவில்லை. தேதியும் பல வருடம் பின்னால் போயிருக்கிறது.

பதில்: தேதிதான் துப்பு. போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பயாஸ் அமைப்புகள் அழிந்து, சாட்டா மோடு பழையபடி ஏஹெச்சிஐக்குத் திரும்பியிருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு புது 3 வோல்ட் பேட்டரி போட்டு, மோடை ஐடிஇ ஆக்குங்கள். எக்ஸ்பியை மறுபடி நிறுவச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: 160 ஜிபி டிஸ்கில் 127 ஜிபிதான் காட்டுகிறது.

பதில்: சர்வீஸ் பேக் இல்லாத முதல் எக்ஸ்பி சிடி அது. அது டிஸ்கின் இடங்களை 28 பிட் முகவரியால் எண்ணுகிறது; அதில் 26,84,35,456 செக்டர்தான் (டிஸ்கின் மிகச் சிறிய பகுதி) எண்ண முடியும். ஒன்றுக்கு 512 பைட் என்றால் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் சுமார் 128; திரையில் 127 என்று காட்டும். சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தையதைப் போட்டபின், மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட் போனால் மீதி இடம் காலியாகத் தெரியும். அதில் தனி பார்ட்டிஷன் போடுங்கள். பின்னால் பழைய சிடியால் இந்த டிஸ்கில் ரிப்பேர் செய்யப் போகாதீர்கள், டேட்டா சிதையும்.

கேள்வி: இரண்டாவது ஐடிஇ டிஸ்க் (அகலக் கேபிளில் இணையும் பழைய வகை) சேர்த்ததும் இரண்டுமே காணோம்.

பதில்: இரண்டிலும் ஜம்பர் (டிஸ்கின் பின்புறப் பின்களில் செருகும் சிறு மூடி) மாஸ்டரில், அதாவது கேபிளின் முதல் டிஸ்க் என்ற நிலையில் இருக்கிறது. ஒன்றை ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) ஆக்குங்கள், அல்லது இரண்டையும் கேபிளின் இடத்தை வைத்தே முடிவு செய்யும் கேபிள் செலக்டில் வையுங்கள். 80 கம்பிக் கேபிளில் நீல முனை போர்டுக்கு, கடைசிக் கறுப்பு மாஸ்டருக்கு, நடுச் சாம்பல் ஸ்லேவுக்கு. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்கில் 'சிங்கிள்' என்று தனி நிலை உண்டு: ஸ்லேவைக் கழற்றிய பிறகும் ஜம்பரை மாஸ்டரிலேயே விட்டால் மிச்சமிருக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம்.