பலாப்பழம் தின்ற ஆடும் இன்னும் சில கேள்விகளும்

(ஆடு வளர்ப்போர் கேள்விகளுக்கு, சேலத்தில் ஓய்வு பெற்று வசிக்கும் நம் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: தலைச்சேரி ஆடு ஒன்று வைத்திருக்கிறேன். வேளைக்கு முக்கால் லிட்டர் கறக்கும். இரண்டு வாரத்துக்கு முன் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், காப்பித் தோட்டத்தில் விழுந்து வெடித்துக் கிடந்த பலாப்பழத்தைத் தின்றுவிட்டது. மறுநாள் அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. புளித்த நாற்றத்தோடு கூழாகக் கழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி நல்லெண்ணெய் ஊற்றினேன். பிறகு மருத்துவர் வந்துதான் பிழைக்க வைத்தார். ஆனால் பால் இன்னும் பாதிகூட இல்லை. ஊசி போட்டதால்தான் பால் வற்றிவிட்டது என்கிறார் மாமியார். உண்மையா, டாக்டர் ஐயா?
- ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: ஊசியின் மேல் பழி போட வேண்டாம் அம்மா. பழி பலாப்பழத்துக்குத்தான்.

நீங்கள் ஒடித்துப் போடும் தழையின் நாரை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அதற்கான நொதி அதன் உடம்பில் சுரப்பதே இல்லை. இடப்பக்கம் முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும் பெருவயிறு ஒரு ஊறல் பானை. அந்தச் சாற்றில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. நாரைச் சிதைத்து அசெட்டிக், புரப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக்கித் தருபவை அவைதாம். ஆட்டுக்குக் கிடைக்கும் எரிசக்தியில் ஏறக்குறைய 70 விழுக்காடு இப்படித்தான் வருகிறது. பாலில் கொழுப்பு கட்டுவதற்கும் அந்த அசெட்டிக் அமிலம் வேண்டும். பிறகு அந்த நுண்ணுயிர்களே நான்காம் இரைப்பைக்குப் போய்ச் செரித்து, ஆட்டுக்குப் புரதமாகிவிடுகின்றன. சோறு போட்டவனையே விழுங்கும் கணக்கு. ஆட்டிடம் நியாயம் பேச முடியாது.

நார் தின்னும் கூட்டம் நிதானமானது. பழச் சர்க்கரை வந்து கொட்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்கிற வேறொரு கூட்டம் மடமடவென்று பெருகி லாக்டிக் அமிலத்தை நிரப்பிவிடும். 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்க வேண்டிய பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்கும் கீழே இறங்கும். அந்தப் புளிப்பில் நார் தின்னிகள் மடிந்துபோகும். உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுபடும். வயிறு தண்ணீர்ப் பைபோலத் தளும்புவதும் கண் குழி விழுவதும் அதனால்தான். அன்றிரவே 20 கிராம் சமையல் சோடாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுத்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

எண்ணெய் என்பது நுரை கட்டிய உப்புசத்துக்கான கைவைத்தியம். புளிப்புக்கு அது ஒன்றும் செய்யாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கோபிக்க எனக்குத் தகுதியில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வாழப்பாடிப் பக்கம் கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்த ஆட்டுக்கு நானும் எண்ணெய்தான் ஊற்றினேன். இடப்பக்கம் தட்டிப் பார்த்திருந்தால் முரசுபோல ஒலிக்கவில்லை, பிசைந்த மாவுபோல அமுங்குகிறது என்று தெரிந்திருக்கும். தட்டிப் பார்க்கவில்லை. விடிவதற்குள் ஆடு போய்விட்டது. "நீ என்ன கண்ணு செய்வாய், அதுதான் அளவு தெரியாமல் தின்றது" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

இப்போது பாலுக்கு வருவோம். காலியான வீட்டில் மறுபடி குடியேற்ற வேண்டும். கறிக்கடையில் சொல்லிவைத்து, நல்ல ஆட்டை வெட்டிய சூட்டோடு அதன் பெருவயிற்றில் இருப்பதை வேட்டித் துணியில் பிழிந்து, ஆறுவதற்குள் அரை லிட்டர் கொடுக்கலாம். ஆட்டின் தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் புரையேறும். மருத்துவர் குழாய் வழியாக விடுவதே நல்லது. மேய்ப்பர் ஒருவர், அசை போட்டுக்கொண்டிருந்த ஆட்டின் வாயிலிருந்து உருண்டையைப் பறித்து நோயாளி ஆட்டின் வாயில் திணித்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இதே வைத்தியம்தான்.

பத்து நாளைக்குத் தவிடும் புண்ணாக்கும் வேண்டாம். கடலைக்கொடி, காய்ந்த சோளத்தட்டு, கொஞ்சம் பலாத்தழை போதும். (பலாத்தழை நல்லது, பழம்தான் வில்லங்கம்.) அடர்தீவனத்தை அதன் பிறகு ஒரு பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். புதுத் தீனிக்கு நுண்ணுயிர்க் கூட்டம் பழக அவ்வளவு நாள் ஆகும். இடப்பக்க வயிற்றில் கை முஷ்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரள்வது கையில் தெரிய வேண்டும். ஆடு கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்தபடி நின்றாலோ சுவரில் முட்டினாலோ காத்திருக்காதீர்கள். பி1 வைட்டமினைத் தயாரிப்பவையும் இந்த நுண்ணுயிர்கள்தான். அது வற்றினால் மூளை கெடும். அப்போது உடனே ஊசி போட வேண்டும், மாமியார் என்ன சொன்னாலும்.

கேள்வி: ஜவ்வரிசி ஆலையில் திப்பி (கிழங்குச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது. தவிட்டுக்குப் பதில் முழுக்க அதையே போடலாமா? குச்சிக்கிழங்குத் தழையும் நிறைய இருக்கிறது.
- ஆத்தூர் வாசகர்

பதில்: திப்பியில் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் பெயருக்குத்தான். தனியாகப் போட்டால் ஆடு கொழுக்கும், மடி கொழுக்காது. வெயிலில் நன்றாகக் காய்ந்ததைக் கடலைப் புண்ணாக்கோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். ஈரத் திப்பி இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். பச்சையாகவோ நீலமாகவோ பூத்ததை எருக்குழியில் கொட்டுங்கள்.

தழை விஷயத்தில் கவனமாக இருங்கள், தம்பி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இலையிலுள்ள லினமாரின் என்ற பொருளைப் பெருவயிற்று நுண்ணுயிர்கள் பிளந்ததும் சயனைடு வெளிப்படும். நாரைச் சிதைத்துச் சோறு போடும் அதே கூட்டம்தான் இங்கே எமனுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் பச்சைத் தழையை மேய்ந்த ஆடு, மருத்துவரைக் கூப்பிடப் போனவர் திரும்புவதற்குள் விழுந்துவிடும். நறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும். அப்போது அது கிழங்கில் இல்லாத புரதத்தைத் தரும் நல்ல தீவனம். அதையும் மற்ற தீனியோடு சேர்த்தே போடுங்கள்.

கேள்வி: சவுண்டல் தழை மட்டுமே போட்டு வந்தேன். ஆட்டுக்கு முடி கொட்டுகிறது. உண்ணியா?
- ஓமலூர் வாசகர்

பதில்: உண்ணியாக இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். சவுண்டலில், அதாவது சூபாபுலில், மைமோசின் என்று ஒரு நஞ்சு உண்டு. அதுதான் முடியை உதிர்க்கிறது. வயிற்றுக்குள் அது சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டையும் கெடுக்கும்.

இதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையைத் தின்ற மாடுகள் நோயில் விழுந்தன. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்று சுகமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்றில் குடியிருப்பவர்களிடம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1980களில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்றுச் சாறு ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு ஏற்றப்பட்டது, அவையும் பிழைத்துக்கொண்டன. அந்த நஞ்சைத் தின்று தீர்த்த பாக்டீரியாவுக்கு 1992-இல் அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள்.

உங்கள் ஆட்டுக்கு ஹவாய்வரை போக வேண்டாம். சவுண்டலை மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். மீதிக்கு வேலிமசால், கல்யாண முருங்கை, வேம்பு என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். முடி திரும்ப முளைக்கும்.

கேள்வி: தயிர் ஊற்றினால் ஆட்டின் வயிற்றில் நல்ல கிருமி பெருகுமாமே?
- மேச்சேரி வாசகி

பதில்: தயிரில் இருப்பவை பாலைப் புளிக்க வைப்பவை, ஆட்டுக்கு வேண்டியது நாரைச் சிதைப்பவை. புளித்த வயிற்றில் மேலும் புளிப்பை ஊற்றாதீர்கள். தயிரை நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா, ஆட்டுக்கு ஒரு கட்டு தழை போடுங்கள்.